அட்வான்ஸ் வாங்கியவருக்கும் ஆகஸ்ட் 15 உண்டு

நோட்டுத் தாளில் கைப்பட எழுதி, போனில் படம் எடுத்து அனுப்பப்பட்ட கடிதம் இது. கூடவே முதலாளியின் கணக்கு நோட்டிலிருந்து ஒரு பக்கமும் படமாக வந்திருந்தது. எழுதியவர் யார் என்று தெரிந்துவிடக்கூடிய விவரங்களை மாற்றியும் நீக்கியும் சுருக்கித் தருகிறேன்.

வாசகிக்கு வயது 34. சொந்த ஊர் திருவள்ளூர் மாவட்டத்தில், பள்ளிப்பட்டு பக்கம். எல்லையைத் தாண்டி ஆந்திராவுக்குள் இருக்கும் ஒரு விசைத்தறி ஷெட்டில் அவரும் கணவரும் தறி ஓட்டுகிறார்கள். ஷெட்டை ஒட்டி முதலாளி கொடுத்த ஒற்றை அறையில்தான் குடித்தனம். நான்கு வருடத்துக்கு முன்னால் மாமியாரின் ஆபரேஷனுக்காக 60,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கினார்கள். அன்றைக்கே எழுதாத புரோநோட்டு ஒன்றில் ஸ்டாம்ப் ஒட்டி இருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். ஆதார் கார்டுகளும் ரேஷன் கார்டும் 'பத்திரமாக' முதலாளி வீட்டு பீரோவுக்குப் போயின. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள் வேலை. இரண்டு பேருக்கும் சேர்த்து வாரக்கூலி 4,200 ரூபாய் வருகிறது, அதில் 300 ரூபாய் கடனுக்குப் பிடித்தம். தீபாவளிக்குத் தீபாவளி 5,000 ரூபாய் 'போனஸ்' கொடுக்கிறார்கள், அதையும் கடனிலேயே எழுதிக்கொள்கிறார்கள். இன்றைக்கு நோட்டில் நிற்கிற பாக்கி 78,000.

ஆகஸ்ட் 15 அன்று காலை ஷெட் வாசலில் முதலாளி கொடியேற்றினார். எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். கால் மணி நேரம் நின்ற தறி, அப்புறம் இருட்டும் வரை ஓடியது. பள்ளிக்கூடத்தில் கொடியேற்றம் முடிந்து, சட்டையில் குத்திய காகிதக் கொடியோடு வந்த மகன் (13 வயது, எட்டாம் வகுப்பு), "இன்னிக்கு எல்லாருக்கும் லீவுதானேம்மா, உனக்கு ஏன் இல்ல?" என்று கேட்டிருக்கிறான். பக்கத்தில் நின்ற முதலாளி, "நீயும் லீவு நாள்ல வந்து தார் சுத்து, உங்கம்மா கடன் சீக்கிரம் கழியும்" என்று சொன்னாராம். (தார் சுற்றுவது என்றால் தறி நாடாவுக்கு நூல் சுற்றும் வேலை.) சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் அன்றிரவு தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறார். திருப்பூரில் இருக்கும் தம்பி வரச் சொல்லி அழைக்கிறார். கணவரோ, "கஷ்டத்துக்குக் கொடுத்த மனுஷன், விட்டுட்டுப் போனா நன்றி கெட்டவங்க ஆயிடுவோம்" என்கிறார். போனால் பாவு நூலைத் திருடியதாகப் போலீசில் கேஸ் கொடுப்பேன் என்று முதலாளி இன்னொருவரை மிரட்டியதையும் இவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

கடிதத்தின் கடைசி வரிகளை அவர் எழுதியபடியே தருகிறேன்: "எங்களை யாரும் கட்டிப்போடவில்லை வக்கீலம்மா. கதவு திறந்துதான் இருக்கிறது. கைநீட்டிக் காசு வாங்கியது நாங்கள்தான். இதற்குப் போய் சட்டம் என்ன செய்யும்? அதுவும் ஆந்திராவில்?"

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தைப் படித்ததும் முதலில் உங்கள் நோட்டுக் கணக்கைத்தான் போட்டுப் பார்த்தேன். வாரம் 300 என்றால் வருடத்துக்கு 15,600, நான்கு வருடத்துக்கு 62,400. அதாவது வாங்கிய 60,000-க்கு மேலேயே உங்கள் கூலியிலிருந்து போயிருக்கிறது. அப்படியிருந்தும் பாக்கி ஏறியிருக்கிறது. காரணம் நோட்டின் ஓரத்திலேயே இருக்கிறது. '2 வ' என்று சின்னதாக எழுதி, அடியில் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள், பாருங்கள். நூற்றுக்கு இரண்டு வட்டி என்றால் அறுபதாயிரத்துக்கு மாதம் 1,200, வருடம் 14,400. நீங்கள் கட்டுகிற 15,600-ல் இதைக் கழித்தால் வருடம் முழுவதும் உழைத்தும் அசலில் குறைவது 1,200 ரூபாய். அந்த 1,200 குறைவதற்குள் தீபாவளிக்கு 5,000 ஏறிவிடுகிறது. இந்தக் கணக்கு எப்படிப் போட்டாலும் அடையாது. நீங்கள் சிக்கனம் இல்லாதவர் என்பதாலோ கணவர் சரியாக வேலை செய்யவில்லை என்பதாலோ இது வந்ததல்ல. கடிதத்தில் மூன்று இடத்தில் உங்களையே குறை சொல்லியிருக்கிறீர்கள், அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

கூலியையும் பாருங்கள். இருவரும் சேர்ந்து வாரத்துக்கு 144 மணி நேரம் நிற்கிறீர்கள். 4,200-ஐ 144-ஆல் வகுத்தால் மணிக்கு 29 ரூபாய் சொச்சம். அட்வான்ஸ் இல்லாமல் பக்கத்து ஷெட்டில் ஓட்டுகிறவர்களுக்கு மீட்டருக்கு ஒரு ரூபாய் அதிகம் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது போகிற போக்கில் விட வேண்டிய விஷயம் இல்லை. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

கதவு திறந்திருந்தால் போதுமா?

யாரும் கட்டிப்போடவில்லை, அதனால் இது கொத்தடிமை இல்லை என்று நினைக்கிறீர்கள். முதலில் திருத்திக்கொள்ள வேண்டியது இதுதான். உங்களை மட்டும் சொல்லவில்லை, விசாரணைக்கு வருகிற அதிகாரிகள் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். "அடிச்சாங்களா? பூட்டி வெச்சாங்களா?" என்று கேட்பார்கள், இல்லை என்று தொழிலாளி உண்மையைச் சொல்வார், 'கொத்தடிமை முறை இல்லை' என்று எழுதி ஃபைலை மூடிவிடுவார்கள்.

சட்டம் கேட்கிற கேள்வி வேறு. 1947-ல் சுதந்திரம் வந்தது. 1950-ல் வந்த அரசியல் சட்டத்தின் 23-வது பிரிவு, கட்டாய வேலை வாங்குவதைத் தடை செய்தது. அதற்குப் பிறகும் ஊர் ஊராகப் பண்ணையிலும் குவாரியிலும் சூளையிலும் கடனுக்காக மனிதர்கள் பிணையாக நின்றுகொண்டுதான் இருந்தார்கள். சுதந்திரம் வந்து 28 வருடம் கழித்து, 1975 அக்டோபரில்தான் அவசரச் சட்டம் போட்டு இதை ஒழித்தார்கள். அதுவே 1976-ல் கொத்தடிமைத் தொழில் முறை ஒழிப்புச் சட்டம் ஆனது. அந்தச் சட்டத்தின்படி, அட்வான்ஸ் வாங்கிய காரணத்தால் பின்வருவதில் ஏதாவது ஒன்றை ஒருவர் இழந்திருந்தாலே போதும்: வேறு இடத்தில் வேலைக்குப் போகும் உரிமை, நாட்டுக்குள் விருப்பப்படி போய்வரும் உரிமை, தன் உழைப்பைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமை. அல்லது அந்த அட்வான்சுக்காகக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை செய்ய வேண்டியிருக்க வேண்டும். அப்படிக் கூலி நிர்ணயிக்கப்படாத தொழிலாக இருந்தால், அதே வட்டாரத்தில் அதே வேலைக்கு வழக்கமாகக் கொடுப்பதற்கும் கீழே. சங்கிலி, பூட்டு, அடி உதை எதுவும் தேவையில்லை.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். திருத்தணி ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்க ஒரு நாள் லீவு கேட்டபோது, "யாராவது ஒருத்தர் போங்க, ஒருத்தர் இருங்க" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நான்கு வருடமாக நீங்கள் இருவரும் சேர்ந்து ஊருக்குப் போனதே இல்லை, தங்கச்சி கல்யாணத்துக்குக்கூட கணவர் மட்டும்தான் போனார். உங்களுக்கு இது பழகிவிட்ட விஷயம், அதனால் இரண்டே வரியில் தாண்டிவிட்டீர்கள். என்னைக் கேட்டால் முழுக் கடிதத்திலும் கனமான சாட்சி இதுதான். ஒருவர் திரும்பி வருவதற்கு இன்னொருவர் பிணை. கதவு திறந்திருந்தாலும் இரண்டு பேரும் சேர்ந்து அதன் வழியாகப் போக முடியாது என்றால், அந்தக் கதவுக்குப் பூட்டு எதற்கு?

1982-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டடம் கட்டிய தொழிலாளர்கள் வழக்கு அது, நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பு. அடித்து வாங்கினால்தான் கட்டாய வேலை என்றில்லை, பசியும் வறுமையும் வேறு வழியில்லாமல் செய்கிறபோது ஒருவர் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை செய்தால் அதுவும் கட்டாய வேலைதான் என்றது. இன்னொன்றும் சொன்னது. அடிப்படை உரிமைகள் பெரும்பாலும் அரசாங்கத்துக்கு எதிராகத்தான் கேட்க முடியும், ஆனால் இந்த 23-வது பிரிவைத் தனியார் முதலாளிக்கு எதிராகவும் கேட்கலாம். கொடியேற்றி லட்டு கொடுத்த கைக்கும் அந்தப் பிரிவு பொருந்தும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லா அட்வான்சும் கொத்தடிமை ஆகிவிடாது. முதலாளியிடம் கைமாற்று வாங்கி, எப்போது வேண்டுமானாலும் வேறு வேலைக்குப் போகலாம், கடனை அங்கிருந்து மாதாமாதம் அனுப்பலாம் என்ற நிலை உண்மையாகவே இருந்தால் அது வெறும் கடன், திருப்பித்தான் கொடுக்க வேண்டும். உங்கள் விஷயம் அப்படியில்லை என்பது என் கருத்து. காரணங்கள்: மீட்டருக்கு ஒரு ரூபாய் குறைத்துக் கொடுப்பது, அட்டைகளைப் பிடித்து வைத்திருப்பது, இருவரையும் சேர்ந்து விடாதது, கேஸ் போடுவேன் என்ற மிரட்டல். அந்தத் தொழிலுக்கு ஆந்திர அரசு அறிவித்திருக்கிற குறைந்தபட்சக் கூலி எவ்வளவு என்பதைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் உங்கள் தம்பியைக் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். 29 ரூபாயோடு அதை ஒப்பிட்டால் மீதியும் தெளிவாகிவிடும்.

கடனும் கையெழுத்தும்

கொத்தடிமை முறை என்று முடிவானால் அந்தக் கடன் சட்டப்படி இல்லாமல் போகிறது. வட்டி மட்டுமில்லை, அசலும். சட்டத்தின் 6-வது பிரிவு அது. அதை வசூலிக்க வழக்குப் போட முடியாது. இல்லாமல் போன கடனுக்குப் பணம் வாங்கினால் வாங்கியவருக்கு மூன்று வருடம் வரை சிறை. இது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கிற பொறுப்பும் கடன் கொடுத்தவருடையதுதான் என்று 15-வது பிரிவு சொல்கிறது. இந்தப் பிரிவின் அருமை, கையில் ஒரு ரசீதுகூட இல்லாமல் வருகிற தொழிலாளிக்குத்தான் தெரியும்.

ஆனால் இதைப் படித்துவிட்டு நாளைக்கே போய் "கடன் ரத்து" என்று முதலாளியிடம் சண்டைக்கு நிற்காதீர்கள். சட்டத்தில் இருப்பது வேறு, அதிகாரி விசாரித்து விடுவிப்புச் சான்றிதழ் கையில் கொடுப்பது வேறு. அந்தத் தாள் வரும்வரை வாயைத் திறக்க வேண்டாம்.

புரோநோட்டு பற்றி நீங்கள் கொஞ்சம் அலட்சியமாக இருக்கிறீர்கள். "அதில் ஒன்றும் எழுதவில்லை, அதனால் செல்லாது" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தப்பு. ஸ்டாம்ப் ஒட்டி நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புரோநோட்டை வைத்திருப்பவர் பூர்த்தி செய்துகொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. நாளைக்கு அதில் அவர் ஒரு பெரிய தொகையை எழுதி சிவில் கோர்ட்டில் வழக்குப் போடலாம். போட்டால் ஜெயிப்பார் என்று அர்த்தமில்லை. கொத்தடிமைக் கடன் என்று அங்கே வாதாடலாம், இந்த நோட்டுப் பக்கமும் பேசும். ஆனால் சம்மன் வந்தால் கோர்ட்டுக்குப் போகாமல் இருந்துவிடக் கூடாது. மற்றபடி, கடன் கட்டவில்லை என்பதற்காக மட்டும் போலீஸ் யாரையும் பிடிக்க முடியாது, பணம் வசூலித்துக் கொடுப்பது போலீசின் வேலையும் இல்லை. கையெழுத்துப் போட்ட செக் கொடுத்திருந்தால் விஷயம் வேறு. செக் திரும்பினால் அது கிரிமினல் வழக்காகும். கடிதத்தில் செக் பற்றி ஒன்றும் இல்லை, கணவரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஆதாரை யாரும் பிடித்து வைக்க முடியாது. நம்பர் தெரிந்தால் புதுக் கார்டு வாங்கிக்கொள்ளலாம், ரேஷன் கார்டுக்கும் நகல் கிடைக்கும். அதற்காகப் பயந்து நிற்க வேண்டாம். கலெக்டருக்குக் கொடுக்கப்போகிற மனுவில் மட்டும் 'எங்கள் அட்டைகள் இன்னாரிடம் இருக்கின்றன' என்று மறக்காமல் எழுதுங்கள்.

எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

ஆந்திராவில் போய் யாரிடம் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பக்கத்து எல்லைக்கோடு ஒன்றும் ஆதிகாலத்துக் கோடு இல்லை. ம.பொ.சி. முன்னின்று நடத்திய போராட்டத்துக்குப் பிறகு, எல்லைத் தகராறைத் தீர்க்க நியமிக்கப்பட்ட படாஸ்கரின் பரிந்துரைப்படி, 1960 ஏப்ரல் 1-ல்தான் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு (இன்றைய தமிழ்நாடு) வந்தது. பதிலுக்குச் சில ஊர்கள் அந்தப் பக்கம் போயின. இன்றைக்கும் அந்த வட்டாரத்தில் வீட்டில் ஒரு பாஷை, சந்தையில் ஒரு பாஷை. கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் இந்தியச் சட்டம் மாறாது, 1976 சட்டம் இரண்டு மாநிலத்துக்கும் ஒன்றுதான்.

நடைமுறை இப்படி. வேலை நடக்கிற இடம் எந்த மாவட்டமோ அந்த மாவட்டக் கலெக்டருக்கும் அவருக்குக் கீழே ஆர்.டி.ஓ.வுக்கும்தான் (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரித்து விடுவிக்கும் அதிகாரம். உங்களுக்கு அது ஆந்திரப் பக்கம். விடுவித்த பிறகு சொந்த ஊரில் குடியமர்த்துவது, உதவிகள் தருவது திருவள்ளூர் மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. அதனால் மனுவை இரண்டு கலெக்டருக்கும் கொடுங்கள். இரண்டு பக்கமும் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிறார்கள். நீங்கள்தான் நேரில் போக வேண்டும் என்றில்லை, உங்கள் சார்பில் தம்பி கொடுக்கலாம். இது முக்கியம், ஏனென்றால் நீங்கள் ஒரு திங்கட்கிழமை ஷெட்டுக்கு வராவிட்டாலே கேள்வி வரும். தெலுங்கு பேசுவீர்கள், எழுத வராது என்று சொல்லியிருக்கிறீர்கள். மனுவைத் தெலுங்கில் எழுதித் தர இலவச சட்ட உதவி மையத்தில் ஆள் கிடைப்பார். 15100 என்ற நம்பருக்கு அடித்தால் எந்த மையம் என்று சொல்வார்கள். பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் உங்களுக்கு இலவச வக்கீல் உண்டு. கட்டாய வேலையில் சிக்கியவர் என்பதாலும் உண்டு.

விசாரணைக்கு ஆர்.டி.ஓ. வரும்போது முதலாளியும் மேஸ்திரியும் பக்கத்தில் நிற்பார்கள். தனியாகப் பேச வேண்டும் என்று தைரியமாகக் கேளுங்கள். அடித்தார்களா என்று கேட்டால் இல்லை என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். இல்லை என்பது உண்மை, அதைச் சொல்லுங்கள். கூடவே, அட்வான்ஸ் இருக்கும்வரை வேறு வேலைக்குப் போக விடுவதில்லை, இருவரையும் சேர்த்து ஊருக்கு விடுவதில்லை, மற்றவர்களைவிட மீட்டருக்கு ஒரு ரூபாய் குறைவு, அட்டைகள் அவரிடம், போனால் கேஸ் என்கிறார் என்று அதே மூச்சில் சொல்லுங்கள்.

விடுவிப்புக்குப் பிறகு கிடைக்கிற பணம் பற்றியும் ஊரில் மிகைப்படுத்திப் பேசுகிறார்கள். மத்திய அரசுத் திட்டத்தில் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை உண்டு. ஆணுக்கு ஒரு லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் இரண்டு லட்சம் என்பதெல்லாம் வழக்கின் முடிவோடு சேர்த்துப் பார்க்கப்படுகிற தொகை, கைக்கு வர நாளாகும். அதை நம்பிச் சீட்டு கட்டவோ கடன் வாங்கவோ வேண்டாம்.

ஆபத்துகள்

இந்தச் சட்டத்தில் குற்றத்துக்கு மூன்று வருடம் வரை தண்டனை என்றாலும் அது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். முதலாளி அன்று சாயங்காலமே வீட்டில் இருப்பார். குடியிருப்பும் அவருடையது என்பதால், மனு கொடுக்கிற வாரத்தில் பையனை உங்கள் அம்மா வீட்டில் விட்டுவிடுங்கள். நகை, பள்ளிச் சான்றிதழ், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் அவனோடு போகட்டும். மற்ற ஷெட் முதலாளிகளும் அந்த வட்டாரத்தில் உங்களுக்கு வேலை கொடுக்காமல் போகலாம், இதை மறைத்து உங்களுக்கு ஆலோசனை சொல்ல எனக்கு மனமில்லை.

ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விடலாமா என்று ஒரு வரி எழுதி அடித்திருக்கிறீர்கள், படத்தில் தெரிகிறது. போவது உங்கள் உரிமை, அதைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால் திருட்டுப் புகார் மிரட்டல் இருக்கும் இடத்தில், மனு முன்னாலேயே போய்ச் சேர்ந்து ரசீது கையில் இருப்பது பெரிய பாதுகாப்பு. மனுவுக்குப் பிறகு வருகிற பாவு நூல் புகாரைப் போலீசும் வேறு கண்ணோடுதான் பார்க்கும். அதனால் மனு முதலில், புறப்பாடு பிறகு.

திருப்பூர் விஷயத்தில் எனக்குத் தம்பி மேல் சந்தேகமில்லை, அவர் சொல்கிற கான்ட்ராக்டர் மேல்தான். "அந்த 78,000-ஐ நான் கட்டிவிடுகிறேன், என்னிடம் வந்து வேலை செய்து கழித்துக்கொள்ளுங்கள்" என்கிறாராம். வேண்டவே வேண்டாம். இது ஒரு முதலாளியிடமிருந்து இன்னொருவர் உங்களை வாங்குவது. அதுவும் சட்டப்படி இல்லாமல் போக வேண்டிய கடனை உயிர்ப்பித்துக் கட்டி வாங்குவது. திருப்பூருக்குப் போங்கள், ஒரு பைசா அட்வான்ஸ் இல்லாமல் போங்கள். முதல் மாதம் கஷ்டமாகத்தான் இருக்கும், தம்பி வீட்டில் ஒரு மாதம் தங்க முடியுமா என்று இப்போதே பேசிவையுங்கள்.

மகனும் அந்த லீவும்

பையனைத் தார் சுற்ற ஒரு நாள்கூட அனுப்பாதீர்கள், ஞாயிற்றுக்கிழமை என்றாலும் சரி. 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம். 'பள்ளிக்குப் பிறகு குடும்பத் தொழிலில் உதவலாம்' என்ற விதிவிலக்கு அவரவர் சொந்தக் குடும்பத் தொழிலுக்குத்தான், முதலாளியின் ஷெட் உங்கள் குடும்பத் தொழில் இல்லை. வற்புறுத்தினால் 1098-க்குப் போன் செய்யுங்கள். ஊர் மாறினால் பாதியில் படிப்பு கெடுமே என்ற உங்கள் கவலைக்கு: எட்டாம் வகுப்பு வரை, டிசி வரத் தாமதமாகிறது என்று எந்த அரசுப் பள்ளியும் சேர்க்கையை மறுக்க முடியாது. கல்வி உரிமைச் சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது.

அவன் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்லலாம். ஆகஸ்ட் 15, ஜனவரி 26 இரண்டுமே கூலியோடு கூடிய விடுமுறை நாட்கள், இரண்டு மாநிலத்திலும் அதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது. அன்று வேலை வாங்கினால் இரட்டைக் கூலி, அல்லது அன்றைய கூலியோடு வேறொரு நாள் விடுமுறை. உங்களுக்கு லீவு இல்லாமல் இல்லை, உங்கள் லீவை எடுத்துக்கொண்டார்கள். பதின்மூன்று வயதுப் பையனுக்கு இது புரியும். தான்தான் வேலைக்குப் போய்க் கடனை அடைக்க வேண்டும் என்று அவன் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால், அது இந்தப் பதிலால் கலையும்.

கணவரிடம் எப்படிப் பேசுவது

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அம்மாவின் ஆபரேஷனுக்கு அந்த ராத்திரியில் பணம் கொடுத்த மனிதரை எதிர்த்துக் கலெக்டருக்கு மனு எழுதுவது என்றால் யாருக்கும் கை கூசும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். முதலாளியும் நூல் விலைக்கும் மொத்த வியாபாரிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு கடனில் தறி ஓட்டுகிறவராக இருக்கலாம், சின்ன ஷெட்டுக்காரர்கள் பலரின் நிலை அதுதான். அவர் கெட்டவரா நல்லவரா என்று நாம் தீர்மானிக்க வேண்டியதே இல்லை. நன்றியை மனதில் வைத்துக்கொள்ளலாம். அதை வாரம் 144 மணி நேரமாகவும், பிள்ளையின் ஞாயிற்றுக்கிழமையாகவும் கட்டச் சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது.

சட்டப் பிரிவெல்லாம் சொல்லிக் கணவரைப் புரியவைக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. நோட்டுப் பக்கத்தை எடுத்து வைத்து, 60,000 வாங்கினோம், 62,400 கொடுத்திருக்கிறோம், இன்னும் 78,000 இருக்கிறது என்று மூன்று எண்ணை மட்டும் காட்டுங்கள். அப்புறம் ஒரே ஒரு கேள்வி: "நாளைக்கு நாம ரெண்டு பேரும் பையனோட சேர்ந்து ஊருக்குப் போய் ரெண்டு நாள் இருந்துட்டு வரலாமா?" முடியாது என்று அவர் வாயால் சொல்லட்டும். அவர் சம்மதிக்காமல் மனு கொடுக்க வேண்டாம் என்பது என் ஆலோசனை. சட்டப்படி உங்கள் ஒருவரின் மனுவே போதும், ஆனால் விசாரணையில் கணவர் வந்து "நாங்க விருப்பப்பட்டுத்தான் இருக்கோம்" என்று சொல்லிவிட்டால் மனு அங்கேயே நின்றுவிடும். பேச ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அதற்குள் இரண்டு காரியம். நோட்டின் மற்ற பக்கங்களையும், முக்கியமாக முதல் வருடப் பக்கத்தை, முடிந்தால் படம் எடுங்கள். மாட்டிக்கொள்வோம் என்று தோன்றினால் விட்டுவிடுங்கள், கையில் இருக்கிற ஒரு பக்கமே போதும். எடுத்த படங்களைத் தம்பிக்கு அனுப்பிவிட்டு உங்கள் போனிலிருந்து அழித்துவிடுங்கள். செக் கொடுத்தீர்களா இல்லையா என்பதை எனக்கு ஒரு வரி எழுதுங்கள், அதைப் பொறுத்து மனுவில் ஒரு பத்தி சேர்க்க வேண்டியிருக்கும். மனுவின் தமிழ் வரைவை நான் எழுதி உங்கள் தம்பியின் நம்பருக்கே அனுப்புகிறேன், உங்கள் நம்பருக்கு வேண்டாம்.